செப்டிக் ஷாக்: பயந்த கோளாறு அல்ல

பிறந்து பத்து நாளான குழந்தை. பால் குடிக்கவில்லை, கை கால் சில்லிட்டுக் கிடக்கிறது. "பாப்பா செப்டிக் ஷாக்ல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "எதைப் பார்த்துப் பயந்துச்சோ? மந்திரிச்சுத் திருநீறு போட்டா சரியாயிடும்ல?"

பாட்டி கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் ஷாக் என்றால் ஒன்று கரண்ட், இல்லாவிட்டால் கெட்ட சேதி. கலைச்சொல் பட்டியல்களும் 'அதிர்ச்சி' என்றுதான் போடுகின்றன.

வேரைப் பார்த்தால் அதுவும் சரிதான். மோதல், இடி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது ஷாக். லெ திரான் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி எழுதிய நூல் 1743இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லும் மருத்துவத்துக்குள் வந்தது என்பார்கள். குண்டடி பட்ட உடம்பு குலுங்கிப்போவதை அன்று அது குறித்தது. இன்று மருத்துவர் சொல்லும் ஷாக் வேறு: உறுப்புகளுக்குப் போதுமான ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் போய்ச் சேராத நிலை. குலுக்கல் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நாம் தமிழாக்கியது அந்தப் பழைய குலுக்கலை.

'செப்டிக்' கிரேக்கச் சொல்; அழுகுதல் என்று பொருள். செப்டிக் டேங்கில் இருப்பதும், "புண்ணு செப்டிக் ஆயிடுச்சு" என்பதில் இருப்பதும் இதேதான். ஆனால் செப்டிக் ஷாக்கில் கண்ணுக்குத் தெரிய எதுவும் அழுக வேண்டும் என்பதில்லை, சீழும் வேண்டாம். கிருமித் தொற்றை எதிர்க்கப்போய் உடம்பே நிலைதடுமாறுகிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, இதயம் சோர்கிறது. அதனால் 'சீழ்ப்பிடிப்பு அதிர்ச்சி' என்ற தமிழாக்கம் இரண்டு பக்கமும் தவறிவிடுகிறது.

குழந்தைகளிடம் இன்னொரு சிக்கல். இதயம் வேகமாக அடித்து, குழாய்கள் இறுகி, பிரஷரைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். பிரஷர் இறங்கும்போது நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கும். அதனால்தான் டாக்டர் மானிட்டரை மட்டும் நம்பாமல் குழந்தையின் நெஞ்செலும்பை விரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுக்கிறார். வெளுத்த இடம் மீண்டும் சிவக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனால் ஓட்டம் சரியில்லை.

மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான், ஒரு டம்ளர். டிரிப்ஸில் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 மில்லி என்றால் 30 மில்லி. அதை ஏற்றிவிட்டு விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், மூச்சைக் கவனிப்பார்கள். கல்லீரல் இறங்கியிருந்தால் நீர் மிஞ்சிவிட்டது என்று பொருள்; நீரை நிறுத்திவிட்டு, இதயத்துக்கு வலுவூட்டும் அட்ரினலின் போன்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். ஷாக் என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டாக வேண்டும். நீர் எவ்வளவு ஏற்றினாலும் நல்லது என்ற பழைய எண்ணத்தை உகாண்டா, கென்யா, தான்சானியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு அசைத்துவிட்டது. காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளில், வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களே அதிகம் இறந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஷாக்குக்குக் 'குருதியோட்ட நிலைகுலைவு', செப்டிக் ஷாக்குக்குத் 'தொற்றுவழி நிலைகுலைவு' என்பது என் விருப்பம். எழுத்தில் இது நிற்கும். வார்டில் இப்படிப் பேச முடியாது. "ரத்தம் குறைஞ்சிருக்கு" என்றும் சொல்லிவிடக் கூடாது; அப்பாவும் சித்தப்பாவும் ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடிவிடுவார்கள்.

பாட்டியிடம் நான் சொன்னது: "கிருமியால பாப்பா உடம்புல ரத்த ஓட்டம் தடுமாறிப் போச்சும்மா."

"அதான் கை காலெல்லாம் ஜில்லுனு இருக்கா?"

"ஆமாம்மா, அதான்."