ஆஸ்துமாக்காரர் ஓபீடியோடு நின்றுவிடாதீர்கள்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் ஆஸ்துமாவுக்கு வைத்தியமும் மருந்தும் இலவசம். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓபீடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு, மட்டும் போய்வருகிறவருக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

மூதூரிலும் கிண்ணியாவிலும் முட்டு (மூச்சுத்திணறல்) வரும்போதெல்லாம் ஓடிப்போய், நெபுலைஸ் பண்ணி (மருந்தை ஆவியாகப் பிடித்து), சில நாள் மாத்திரையோடு திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன். அடுத்த மாதமும் அதே வாங்கில் இருப்பார்கள். மூச்சுக்குழாய் வீக்கத்தை வற்றவைக்கும் தடுப்பு மருந்தை தினமும் இழுக்க வேண்டும். அது தொடர்ந்து கிடைக்கிற இடம், திகதி தந்து ஒழுங்காகப் பார்க்கிற கிளினிக். "கிளினிக்குக்குத் துண்டு தாங்கோ" என்று ஓபீடி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பல நேரம் அனுப்ப மாட்டார்கள்.

தனியார் வைத்தியரின் சீட்டை நேரே மருந்து கவுண்டரில் நீட்டினால் அலைச்சல்தான் மிச்சம். முதலில் அதை ஓபீடி வைத்தியரிடம் காட்டுங்கள். கிளினிக் கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கொப்பி தொலைந்தால் உங்கள் வருத்தத்தின் கதையை மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டிவரும். திகதி தவறினால் ஏச்சுக்குப் பயந்து வீட்டில் இருக்காதீர்கள், அடுத்த கிளினிக் நாளே போய் நில்லுங்கள்.

"மருந்து முடிஞ்சுது, வெளியில வாங்குங்கோ" என்றால் அப்படியே திரும்பாதீர்கள். இருப்பில் உள்ள வேறு தடுப்பு மருந்து எழுத முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கடையில் உடனடி நிவாரணம் தரும் சல்பியூட்டமோல் பம் (இன்ஹேலர்) மட்டும் வாங்கிச் சமாளிப்பது ஆபத்து. 2019 முதல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா (GINA) அதைத் தனியாகப் பாவிக்கச் சொல்வதில்லை. 200 தரம் அடிக்கும் பம் வருடத்தில் மூன்று முடிந்தாலே கடும் முட்டு வரும் வாய்ப்புக் கூடுகிறது.

இன்னொன்று, கருவியில் போட்டு இழுக்கத் தந்த கப்சியூலை விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. கவுண்டரில் அவசரமாக நீட்டினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கருவியைக் கொண்டுபோய் தாதியின் முன்னால் இழுத்துக் காட்டிச் சரிபாருங்கள்.

கிளினிக்கில் வைத்தியர் முன் இருக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதனால் கடந்த நாலு கிழமையைப் பற்றி இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: பகலில் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் முட்டு வந்ததா? இரவில் அதனால் எழும்பினீர்களா? உடனடி நிவாரண பம் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? வேலை, நடை குறைந்ததா? ஒன்றுக்கு ஆம் என்றாலே வருத்தம் முழுதாகக் கட்டுப்பாட்டில் இல்லை. அதைச் சொல்லாமல் பழைய மருந்தையே வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதுவும் இலவசம்தான்.