தேய்ந்தது குழாயில், கோளாறு பம்பில்

ரொம்ப நாள் லூஸாகவே ஓடிய பைக்கில் ஒரு நட்டைக் கழற்றினால் அடியில் செம்மண் மாதிரி தூள் உதிரும். துரு என்று துடைத்துவிடுவோம். மழையில் நனைந்து வந்த துரு அல்ல அது. மயிரிழை அளவுக்குள் நடுங்கி நடுங்கியே இரண்டு இரும்பும் ஒன்றையொன்று தின்ற மிச்சம். அதிர்வு பார்க்கும் எங்கள் தொழிலில் இதற்கு ஃபிரெட்டிங் என்று பெயர்.

அணு உலை எரிபொருளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. யுரேனிய வில்லைகளை அடைத்த சிர்க்கோனியக் கலவைக் குழாயின் சுவர் அரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். அழுத்த நீர் உலைகளில் அதைப் பிடித்து நிறுத்துபவை சிறு ஸ்பிரிங்குகள். கதிர்வீச்சில் ஸ்பிரிங்கின் பிடி தளரும், பாய்கிற நீர் குழாயை ஆட்டும், ஓட்டை போடுவது உரசல். ஓட்டை விழுந்தால், உள்ளே யுரேனியம் பிளந்து உண்டான செனானும் அயோடினும் நீரில் தலைகாட்டும்.

எனக்கு மறக்காத பாடம் கனடாவின் டார்லிங்டன் அணுமின் நிலையம். 1990இல் அங்கே 2ஆம் உலையில் எரிபொருள் கட்டுகள் சேதமாகியிருப்பது தெரியவந்தது. கட்டுக்கு வில்லை அடைத்த குச்சி 37, நீளம் அரை மீட்டர். (கல்பாக்கத்தின் கனநீர் உலைகளும் இதே குடும்பம்தான், அங்கே கட்டுக்கு 19.) முனைத் தகடுகளில் விரிசல், கட்டு உட்கார்ந்திருந்த அழுத்தக் குழாயில் உரசல் தடம். எரிபொருளை மட்டும் உருட்டிப் பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்காது. விடை இருந்தது பிரதான பம்பில். அதன் இம்பெல்லரில், அதாவது நீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தில், 5 இதழ்கள். நொடிக்குச் சுமார் 30 சுற்று. ஒவ்வோர் இதழும் கடக்கும்போது நீரில் ஒரு துடிப்பு, ஆக நொடிக்கு 150 அழுத்தத் துடிப்பு. குழாய்களுக்குள் இருந்த நீரின் இயல்பான அதிர்வும் அதே 150இல் விழ, துடிப்பு பெருகிவிட்டது. 7 இதழ் இம்பெல்லர் போட்டார்கள். துடிப்பு 210க்குப் போனது, ஒத்ததிர்வு விட்டது.

அணு உலை பக்கமே போகாத ஓர் ஆலையில் இதே கதையை நான் பார்த்தேன். வெப்பப் பரிமாற்றியில் தாங்கு தகட்டை ஒட்டியே குழாய் ஒழுகும். மூன்று முறை குழாயை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பம்பில் சென்சார் வைத்ததும் ஒரே அலைவெண் தனியாக நிமிர்ந்து நின்றது: இதழ் எண்ணிக்கை பெருக்கல் வேகம். முந்தைய ஆண்டு இம்பெல்லரை மாற்றியிருக்கிறார்கள், இதழ் எண்ணிக்கை வேறு. அதை எழுதியும் வைத்திருந்தார்கள், பம்பு பதிவேட்டில். குழாய் பார்க்கிறவர்கள் அந்த நோட்டைத் திறந்ததே இல்லை.