குருவிகள் ஏன் ஒரே நாளில் வராமல் போகின்றன?

மாடிச் சுவரில் தினமும் கம்பும் நொய்யும் வைப்பவர்களுக்கு இது பழக்கமான ஏமாற்றம். நேற்று வரை அடித்துப் பிடித்துத் தின்ற சிட்டுக்குருவிகளில் இன்று ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. ஒவ்வொன்றாகக் குறையாமல், எல்லாமே ஒன்றாக எப்படி வருவதை நிறுத்துகின்றன?

விடை, குருவி இரை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. முதலில் வரும் குருவியைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது நேராகத் தட்டில் இறங்காது. கொடிக்கம்பியிலோ முருங்கைக் கிளையிலோ உட்கார்ந்து விடாமல் கத்தும். மற்ற குருவிகளைக் கூப்பிடும் குரல் அது. இரண்டு மூன்று வந்து சேர்ந்த பிறகே இறங்கும். தனியாக இருந்தால் கொத்துவதை நிறுத்தி நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வைரி என்ற வேட்டைப் பறவை எந்தப் பக்கமிருந்து பாயும் என்று தெரியாது. கூட்டமாக இருந்தால் அந்தக் காவல் வேலை பங்காகிவிடும், நிம்மதியாகத் தின்னலாம். ஆகவே கூட்டத்தில் பாதி வேறு இடம் போனாலே, மீதிக் குருவிகளுக்கு உங்கள் மாடி பயமான இடமாகிவிடுகிறது.

சரி, அந்தப் பாதி ஏன் போகிறது? பெரும்பாலும் வெளியே நல்ல இரை கிடைப்பதால்தான். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழு பூச்சிதான் வேண்டும், தானியம் உதவாது. மழைக்குப் பின் காலிமனைப் புல்லெல்லாம் விதை பிடிக்கும். வயலில் கதிர் பால் பிடிக்கும்போது ஊர்க்குருவிகள் அங்கே இறங்கிவிடும். அப்புறம், குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். சிறகில் இடைவெளியோடு வேகமாகத் தப்ப முடியாது என்பதால் புதரை விட்டு அதிகம் வெளியே வராது. பக்கத்து வேப்பமரத்தில் வைரி தங்கினாலும் தட்டு காலிதான். அணில் இடைவிடாமல் கத்துவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் பொறுத்திருந்தால் போதும். நோய் அப்படியல்ல. பிரிட்டனில் புறாக்களிடம் இருந்த ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, 2005 வாக்கில் கிரீன்ஃபின்ச் என்ற சிறு பறவைக்குப் பரவியது. அது தொண்டையில் புண்ணை உண்டாக்கும். விழுங்க முடியாமல் பறவை உமிழும் ஈரத் தானியத்தை அடுத்த பறவை கொத்தும். தோட்டமெங்கும் தெரிந்த அந்தப் பறவை 2021இல், எண்ணிக்கை வெகுவாகக் குறைந்த பறவைகளுக்கான அந்நாட்டின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அன்போடு வைத்த தட்டுகளும் அதற்கு வழியானது மனதை வருத்துகிறது.

நம் மாடிகளிலும் புறாவும் சிட்டும் ஒரே தட்டில்தான் தின்கின்றன. வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இறகை உப்பிக்கொண்டு, கிட்டே போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால், இரண்டு வாரத்துக்குத் தானியம் வைப்பதை நிறுத்திவிடுங்கள். கூட்டம் கலைந்துபோவது அப்போது அவற்றுக்கே நல்லது.