சுவர் போனால் போகட்டும், அந்தக் கடதாசியைத் தொடாதீர்கள்

ஓவியங்களுக்குச் சட்டம் போடுவதும் நைந்த கடதாசிகளைச் செப்பனிடுவதும் என் தொழில். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். “தம்பி, பெயின்ட் அடிக்க வந்த பாஸ் படத்தை அழித்துவிட்டார்.”

போய்ப் பார்த்தேன். வெளிநாட்டு மூத்த ஓவியர் ஒருவரின் படைப்பு, மகன் வாங்கிக் கொடுத்தது. ஓவியரின் உதவியாளர் வந்து மூன்று நாள் நின்று, வரவேற்பறைச் சுவரில் பென்சில் கோடுகளாகவே போட்டுவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்த பாஸ், உப்புத்தாளால் உரசி இரண்டு தடவை வெள்ளை அடித்திருந்தார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

“சான்றிதழ் இருக்கிறதா அம்மா?” என்றேன். இருக்கிறது என்று அலுமாரியைத் திறந்து எடுத்து வந்தார். பழுதாகிவிடக் கூடாதென்று லமினேட் செய்து வைத்திருந்தார். எனக்கு அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. இந்த மாதிரிப் படங்களில் சுவரைவிடக் கடதாசிதான் முக்கியம்.

அமெரிக்க ஓவியர் சோல் லெவிட் 1968இல் நியூயார்க்கின் போலா கூப்பர் காட்சிக்கூடத்தில் தன் முதல் சுவர்ச் சித்திரத்தைப் பென்சிலால் வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் அதன்மேல் பெயின்ட் அடித்தாயிற்று. 2007இல் இறக்கும்வரை 1,200க்கும் மேற்பட்ட சுவர்ச் சித்திரங்களுக்கு, எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பை அவர் எழுதினார். பெரும்பாலானவற்றை வரைந்தவை வேறு கைகள். வாங்கியவருக்குக் கிடைப்பது கையெழுத்திட்ட சான்றிதழும் வரைபடமும். சுவரில் உள்ளதை அழிக்கலாம், வேறு வீட்டில் மறுபடி வரையலாம். கடதாசி போனால்தான் சிக்கல். லெவிட்டின் சான்றிதழ் ஒன்றைத் தொலைத்த காட்சிக்கூடத்தின் மீது 2012இல் அமெரிக்காவில் 14 இலட்சம் டொலர் கேட்டு வழக்கே போட்டார்கள். புதிதாக ஒன்றில் கையெழுத்திட வேண்டியவர் இறந்துவிட்டாரே!

மவுரிசியோ கட்டெலான் 2019இல் மியாமியில் வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டி 120,000 டொலருக்கு விற்றதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழத்தை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரம் என்றெல்லாம் அதன் சான்றிதழோடு வரும் குறிப்பில் இருக்கிறது. கொழும்பு வெக்கையில் கதலிப்பழம் நாலாம் நாளே கறுத்துவிடும் என்பது வேறு கதை.

லமினேட் செய்யும் இயந்திரம் 100 பாகைக்கு மேல் சூடேறி, பிளாஸ்டிக்கின் உட்புறப் பசையை உருக்கிக் கடதாசியின் நாருக்குள் இறக்குகிறது. கரைப்பான் போட்டுப் பிரிக்கலாம்தான். கையெழுத்து மையும் கூடவே கரைந்து வரக்கூடும். பிரிக்காமல் விட்டால் நாளடைவில் ஓரம் வாய்பிளந்து, கடற்கரை ஈரம் புகுந்து, பூஞ்சணம் பிடிக்கும். நம்மவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1983 யூலைக் கலவரத்தில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் துணிக்குள் சுருட்டிக்கொண்டு ஓடிய சனம். கடதாசியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கை தானாகவே பிளாஸ்டிக்கைத் தேடுகிறது.

தேடினாலும் சரியானதைத் தேடுங்கள். ஒருபக்கம் திறந்த பொலியெஸ்டர் உறை நல்லது, உள்ளே அமிலமற்ற அட்டை ஒன்று. புதிதில் காரமாக மணக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, இராமபாணப் பூச்சிக்கும் அதுதான் பிடிக்கும். விருந்தாளிகளுக்குக் காட்ட ஒரு பிரதி போதும். ஏற்கனவே லமினேட் செய்திருந்தால் கத்தரியால் வெட்டித் திறக்கப் பார்க்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.

அம்மாவின் ஓவியர் உயிரோடு இருக்கிறார், அதுவே பெரிய ஆறுதல். இருபுறமும் படம் எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, மாற்றுச் சான்றிதழ் தருவீர்களா என்று அவருடைய ஓவியக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பிளாஸ்டிக்குக்குள் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. எந்தப் பென்சில், எந்த மூலையிலிருந்து எவ்வளவு இடைவெளி என்று அம்மாவுக்கு வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். கூலிக்காக வாசலில் நின்ற பாஸ் தலையை நீட்டினார்.

“இவ்வளவுதானா ஐயா? நூல் பிடித்து நானே போட்டுத் தருவேனே.”

அம்மா அவரை முறைத்தார். உதவியாளர் பக்கத்தில் நின்றால் போடலாம் என்றேன் நான்.