இளநீர் குடிக்கலாமா, குழுவில் கேட்கலாமா?

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் எடுப்பவருக்கு ஏப்ரல் மாதம் பெரும் சோதனை. இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது பொதுவாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் குடித்த தண்ணீரும் சாப்பாட்டில் வந்த பொட்டாசியமும் உடம்பிலேயே தேங்கும். தண்ணீரை அளந்து குடியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிடுவார். பாலக்காட்டுக் கணவாயின் அனல்காற்றில் நாக்கு வறண்டால்? ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம், உப்பைக் குறைத்தால் தாகமே அடங்கும் என்பதையெல்லாம் அதே தாகத்தோடு வாழ்கிறவர்தான் விளக்கமாகச் சொல்வார். டயாலிசிஸ் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "சேட்டா, ஃபிஸ்டுலா கையில அதிர்வே தெரியலையே" என்று வாய்ஸ் நோட் போடுகிறார் என்று வையுங்கள். ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்; அதிர்வு நின்றால் அது அடைபட்டிருக்கலாம். "விடியட்டும்னு இருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்று பழையவர் ஒருவர் பதில் போட்டால், அந்த ஃபிஸ்டுலா பிழைக்க வாய்ப்பு உண்டு.

இந்தப் பேச்சு எப்படி மருந்தாகிறது? தம் நிலையை மதிப்பிட மனிதர்கள் தம்மைப் போன்றவர்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று 1954-இல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். பத்து வருடமாக டயாலிசிஸில் இருந்துகொண்டே தோப்பைக் கவனிக்கிறவரின் குரலைக் கேட்டாலே, புதியவருக்குத் தன் நாளைய வாழ்க்கை கண்ணுக்குத் தெரிகிறது. உதவுகிறவருக்கும் உதவி கிடைக்கிறது என்று 1965-இல் ஃபிராங்க் ரீஸ்மன் சுட்டிக்காட்டினார். நோயாளியாக மட்டுமே பார்க்கப்பட்டவர் அங்கே வழிகாட்டி ஆகிறார். எதுவும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்களும் பயன்பெறுகிறார்கள்.

ஆனால் எல்லை உண்டு. முற்றிய மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியபோது ஆயுளே நீண்டது என்று 1989-இல் டேவிட் ஸ்பீகல் குழுவினர் அறிவித்தார்கள். 2001-இல் வெளியான பெரிய கனடிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. மனவேதனையும் வலியும் குறைந்தன. எனக்கு அதுவே பெரிய லாபமாகப் படுகிறது.

ஆபத்தும் அதே நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது. தென்னை நிறைந்த ஊரில், "நான் தினம் ஒரு இளநீர் குடிக்கிறேன், ஒண்ணும் ஆகலை" என்று ஒருவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஓரளவு சிறுநீர் போகலாம். பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு வெளியேறும். கேட்பவருக்குச் சிறுநீரே வராமல் இருக்கலாம். ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேலும் பொட்டாசியம் இருக்கக்கூடும். ரத்தத்தில் அது ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது; திடீரென இதயத் துடிப்பு தடுமாறும். அப்படிப் போனவர் குழுவுக்கு வந்து சொல்லப்போவதில்லை. குழுவில் மிஞ்சுவது தப்பியவர்களின் சாட்சி மட்டுமே.

இதைச் சரிசெய்யும் வழியை நோயாளிகளே காட்டியிருக்கிறார்கள். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோயை லித்தியம் என்ற மருந்து தாமதப்படுத்துகிறது என்று 2008-இல் ஒரு சிறிய இத்தாலிய ஆய்வு சொன்னது. நோயாளிகள் தம் அனுபவத்தைப் பகிரும் 'பேஷண்ட்ஸ்லைக்மீ' இணையதளத்தில் இருந்தவர்கள் பலர் அதைச் சாப்பிட்டு, தம் நிலையைத் தவறாமல் பதிந்தார்கள். அவர்களில் 149 பேரை, அதே வேகத்தில் நோய் முற்றிவந்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். பலன் எதுவும் இல்லை. 2011-இல் முடிவு வெளியானது. நல்லது நடந்தவர் மட்டும் பேசாமல், எல்லோருடைய அளவும் கணக்கில் வந்ததால்தான் உண்மை தெரிந்தது.

இளநீர் பேச்சு எழும்போது குழுவை நடத்துபவர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: உங்களுக்குச் சிறுநீர் எவ்வளவு போகிறது? கடைசி ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எவ்வளவு? பதில் தெரியாதவர் அடுத்த டயாலிசிஸின்போது ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டட்டும். அவர் சரி என்று சொல்லும்வரை இளநீர் வெட்ட வேண்டாம்.