கர்ப்பகால வெள்ளைப்படுதல்: எது இயல்பு, எது தொற்று?

கர்ப்பம் தரித்தபின் வெள்ளைப்படுதல் கூடுவது நோயல்ல. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற ஏற, யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அதை உண்டு லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. அதனால் யோனியின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.8 முதல் 4.5 வரை புளிப்பாகவே இருக்கும். இந்தப் புளிப்புதான் காவல். நீர்த்த பால்போல, கெட்ட வாடையோ அரிப்போ இல்லாமல் பட்டால் கவலை வேண்டாம்.

கேண்டிடா பூஞ்சை மட்டும் இந்தப் புளிப்புக்கு அடங்காது. கிளைகோஜன் அதற்கும் தீனி. தாங்க முடியாத அரிப்பு, சிவப்பு, சிறுநீர் பட்டால் எரிச்சல், திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக வெள்ளை: இவை அதன் அடையாளம். வாடை பெரும்பாலும் இராது. கர்ப்பகாலச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மீண்டும் மீண்டும் வரும். மருத்துவர் தரும் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை 7 நாளும் யோனிக்குள் வைக்க வேண்டும். அரிப்பு அடங்கியதும் நிறுத்தினால் திரும்பிவிடும். மருந்துக்கடையில் கேட்டு ஃபுளூகோனசோல் மாத்திரை விழுங்காதீர்கள், கர்ப்பத்தில் அது தவிர்க்க வேண்டிய மருந்து.

அதிகம் ஏமாற்றுவது பாக்டீரியல் வெஜைனோசிஸ். லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகி, பி.எச். 4.5ஐத் தாண்டிவிடும். சாம்பல் படிந்த மெல்லிய கசிவு, மீன் கவிச்சி. விந்து காரத்தன்மை உள்ளது. கவிச்சி தரும் அமீன் என்ற வேதிப்பொருள்களை அது ஆவியாக்கிவிடும். உறவுக்குப்பின் வாடை தூக்கலாக வருவது அதனால்தான். அரிப்பு அவ்வளவாக இல்லாததால் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். குறைப்பிரசவத்தோடும், பனிக்குடம் முன்கூட்டியே உடைவதோடும் தொடர்புடைய தொற்று இது. வாடை வந்தால் அடுத்த செக்கப்வரை காத்திருக்க வேண்டாம்.

மஞ்சள் பச்சையாக, நுரைத்து, நாற்றமும் எரிச்சலுமாக வந்தால், உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். கணவருக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் அவரும் மருந்து சாப்பிட்டாக வேண்டும்.

வாடையைப் போக்க கிருமிநாசினியோ சோப்போ விட்டு உள்ளே கழுவுவது, காவல் நிற்கும் பாக்டீரியாவையே கொல்லும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

தண்ணீராகக் கசிந்துகொண்டே இருந்தால் அது பனிக்குட நீராக இருக்கலாம். அதன் பி.எச். 7 அல்லது சற்று மேல். நாப்கின் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து, நனைந்த நாப்கினோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தக் கசிவு இருந்தாலும் அப்படியே.