அளவுறுதி: ‘ரிலையபிலிட்டி’க்கு ஒரு தமிழ்ச் சொல்

“கவனச் சாய்வை அளக்கும் சோதனைக்கு நம்பகத்தன்மை இல்லை” என்று ஒரு வரி கண்ணில் பட்டால் என்ன நினைப்போம்? யாரோ தரவைத் திரித்திருக்கிறார்கள், முடிவு பொய் என்றுதான் நினைப்போம். ஆய்வாளர் சொல்வது அதுவல்ல. குழப்பம், ஆங்கில ‘ரிலையபிலிட்டி’க்கு ஈடாக எழுதும் ‘நம்பகத்தன்மை’ என்ற சொல்லில் இருக்கிறது.

‘நம்பு’ பழைய சொல். “நம்பும் மேவும் நசையா கும்மே” என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். விருப்பத்தில் தொடங்கிப் பிறகு விசுவாசத்துக்கு வந்து சேர்ந்த சொல் இது. இரண்டுமே மனிதர் மனத்தில் நிகழ்பவை. “நம்பி மோசம் போனேன்” என்ற பேச்சு வழக்கிலும் அந்தச் சூடு இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. ‘திரும்பக் கட்டு’ எனப் பொருள்படும் லத்தீன் ‘ரெலிகாரே’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ரிலை’ ஆயிற்று. அதிலிருந்து வந்த ‘ரிலையபிலிட்டி’யை 1910இல் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன் உளவியல் அளவீட்டின் கலைச்சொல்லாக்கினார். ஒருவரை மறுபடி அளந்தால் அதே இடத்தில் நிற்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. அளந்ததில் தெரியும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு பங்கு ஆளுக்கு ஆள் உள்ள உண்மையான வேறுபாடு, எவ்வளவு பிழை என்பதை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணாகச் சொல்வார்கள். நம்புவதற்கோ நம்பாததற்கோ அதில் இடமே இல்லை.

கவனச் சாய்வை அளக்கும் புள்ளிச் சோதனையைப் பார்த்தால் இது விளங்கும். 1986இல் லண்டனில் மெக்லியோட், மேத்யூஸ், டாடா ஆகிய மூன்று ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை அது. திரையில் மேலும் கீழுமாக இரண்டு சொற்கள் அரை விநாடி தோன்றும். ஒன்று அச்சமூட்டுவது, மற்றது சாதாரணமானது. அவை மறைந்ததும் ஒன்றின் இடத்தில் ஒரு புள்ளி வரும். கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சச் சொல் இருந்த இடத்தில் வந்த புள்ளிக்கு விரைவாக அழுத்தினால், கவனம் அங்கே சாய்ந்திருந்தது என்று பொருள். இரண்டு இடங்களில் வரும் புள்ளிக்கும் ஆன நேரங்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைப்பது கவனச் சாய்வு. கடும் பதற்றம் உள்ளோரின் கவனம் குழுவாகப் பார்க்கும்போது அச்சச் சொல்லின் பக்கம் சாய்வதை அந்த ஆய்வு காட்டியது.

அந்தக் கழித்தலில்தான் சிக்கல். சரக்கு லாரியை எடைமேடையில் நிறுத்தி எடை பார்க்கிறோம். ஒரு தேங்காயை இறக்கிவிட்டு மறுபடி பார்க்கிறோம். லாரியின் எடை இரண்டு முறையும் ஏறக்குறையச் சரியாகவே வரும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துத் தேங்காயின் எடையைச் சொல்ல முடியுமா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண் வரும். எதிர்வினை நேரமும் அப்படித்தான். இரண்டு நேரங்களின் உறுதியும், அதாவது மேலே சொன்ன 0 முதல் 1 வரையான எண், தனித்தனியே 0.90 என்றும், அவற்றுக்கு இடையிலான தொடர்பு 0.85 என்றும், ஆளுக்கு ஆள் மாறும் அளவான சிதறல் இரண்டிலும் சமம் என்றும் கொள்வோம். கழித்து வரும் எண்ணின் உறுதி 0.33தான். வேகமான ஆள் இரண்டிலும் வேகம், மந்தமான ஆள் இரண்டிலும் மந்தம். பொதுவான அந்த நிலைத்த பகுதி கழிந்துபோக, இரண்டின் பிழையும் சேர்ந்து தங்கிவிடுகிறது.

2005இல் ஷ்முக்லே என்ற ஆய்வாளர், நோயாளிகள் அல்லாத பொதுவான ஆட்களிடம் இச்சோதனையை ஒரு வார இடைவெளியில் இருமுறை நடத்தி, உறுதி இல்லை என்றே எழுதினார். ஹெட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். நிறப் பெயரை வேறு நிற மையில் எழுதிக் காட்டும் ஸ்ட்ரூப் சோதனையில் மையின் நிறத்தைச் சொல்லத் தாமதமாகும்; இதுபோன்ற சோதனைகளில் விளைவு ஏறக்குறைய எல்லாரிடமும் வரும். எல்லாரிடமும் ஒன்றுபோல வருவதாலேயே ஆட்களைப் பிரித்துக் காட்ட அது உதவாது. ஆகவே குழுவைப் பற்றிய முடிவு நிற்கலாம். “உங்கள் சாய்வு இவ்வளவு” என்று ஒருவரிடம் சொல்லும் எண் நிற்காது. ‘நம்பகத்தன்மை இல்லை’ என்ற தொடர் இந்த இரண்டையும் சேர்த்தே சாய்த்துவிடுகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

அதனால் ‘அளவுறுதி’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. ‘மீள்தன்மை’ சரிவராது, அது நெகிழ்ந்து மீள்வதைக் குறிக்கப் புழங்குகிறது. அளவுறுதி, எண்ணே உறுதியானது என்ற பொருளையும் தரக்கூடும். ஆனாலும் கேள்வி அளவீட்டைப் பற்றியது என்பதை அது மறக்க விடாது. மறுசோதனை அளவுறுதி, (சோதனையை இரு பாதியாக்கி ஒப்பிடும்) அரைப்பிரிப்பு அளவுறுதி, அளவுறுதிக் கெழு என்று தடையின்றி விரியும். அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்ற கேள்விக்கு ‘ஏற்புடைமை’ ஏற்கெனவே இருக்கிறது. செய்தித்தாளும் கடைக்காரரும் ‘நம்பகம்’ என்றே சொல்லட்டும். அங்கே அது சரியான சொல். ஆய்வேட்டில் மட்டும், “இக்குழுவில் இச்சோதனையின் அளவுறுதி 0.33” என்று எழுதுவோம்.